தோடர் பூவேலையை ஃபிரேம் போட்டுப் பரிசளிக்க

கோத்தகிரிக்காரன்: அக்கா வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்கு 20 செ.மீ. சதுரத் தோடர் எம்பிராய்டரி (நீலகிரித் தோடர் பழங்குடிப் பெண்களின் கைத்தையல்) ஒன்றை ஃபிரேம் போட்டுத் தரலாம் என்றிருக்கிறேன். அசலை எப்படிக் கண்டுபிடிப்பது? ஊட்டி ஈரத்தில் பூஞ்சை பிடிக்காதா?

ஊசிநூல்: துணியைத் திருப்பிப் பாருங்க. தோடர் பெண்கள் படம் வரைந்துகொண்டு தைப்பதில்லை. நெசவு இழைகளை எண்ணி எண்ணியே சிவப்பு, கருப்பு நூலை ஓட்டுவார்கள். மெஷின் வேலையில் பின்பக்கம் மெல்லிய பாபின் நூல் (மெஷினின் அடிநூல்) ஒரே சீராகத் தெரியும். 2013இல் புவிசார் குறியீடு பெற்ற கைவேலை. தயவுசெய்து பேரம் பேசாதீங்க.

குன்னூர் மரவேலை: பசை மட்டும் வேண்டவே வேண்டாம், நாளாக ஆக மஞ்சள் கறை ஏறும். 28 செ.மீ. அமிலமில்லாத அட்டையில், ஓரத்தை 2 செ.மீ.க்கு ஒரு தையலாகப் பிடியுங்கள். இழுத்துக் கட்டினால் கோலம் கோணும். கண்ணாடிக்கும் துணிக்கும் 5 மி.மீ. இடைவெளி விட ஓரத்தில் மரச்சட்டம் வையுங்கள். கண்ணாடி தொட்டால் உள்ளே வியர்த்து, அந்த இடத்தில்தான் பூஞ்சை வரும்.

ஊசிநூல்: மழை நாளில் ஃபிரேமை மூடாதீங்க, ஈரமும் சேர்ந்து உள்ளே போகும்.

கோத்தகிரிக்காரன்: துவைத்துவிட்டுப் போடலாமா?

ஊசிநூல்: புதுத்துணிக்குத் தேவையில்லை. கட்டாயமென்றால், முதலில் நனைத்த வெள்ளைத் துணியைச் சிவப்பு நூல்மேல் ஒரு நிமிடம் அழுத்துங்க. சாயம் ஒட்டினால் தண்ணீர் பக்கமே கொண்டுபோகாதீங்க.

குன்னூர் மரவேலை: ஃபிரேமின் பின்னால் நான்கு மூலையிலும் கார்க் துண்டு ஒட்டிக் கொடுங்கள். சுவர் ஈரம் ஏறாது.