தெருமுனை எத்தியோப்பியச் சாப்பாட்டுக் கடை: போய்வந்தவர்களின் அனுபவப் பகிர்வு

அடிஸ் அபாபாவிலிருந்து

கடைக்குள் போனதும் பக்கத்து மேசையில் இருக்கும் இஞ்செராவை, அதாவது ஆப்பம் மாதிரி புளித்த மாவில் சுடும் பெரிய ரொட்டியை, ஒரு பார்வை பாருங்கள். அந்தக் கடையின் சமையலறை எப்படி என்பது அதிலேயே தெரிந்துவிடும். நல்ல இஞ்செராவின் மேல்பக்கம் நடுவிலிருந்து ஓரம் வரை ஒரே சீராகச் சின்னச் சின்னக் கண்கள் விழுந்திருக்கும். அடிப்பக்கம் வழவழப்பாக, கருகாமல் இருக்கும். மடித்தால் விரிசல் விடாது. கண் விழாமல் அங்கங்கே மொழுக்கென்று இருந்தால் மாவு கெட்டி, அல்லது கல் காய்வதற்குள் ஊற்றிவிட்டார்கள். ஓரம் சுருண்டு முறுகியிருந்தால் சுட்டதை மூடி வைக்காமல் காயவிட்டிருக்கிறார்கள். வாயில் வைத்ததும் புளிப்பு சுருக்கென்று தாக்கினால் மாவு நாள் கடந்து புளித்தது.

செய்முறை தெரிந்தால் இதெல்லாம் புரியும். டெஃப் என்ற சிறுதானிய மாவைக் கரைத்து, முந்தைய மாவிலிருந்து எடுத்து வைத்த எர்ஷோ என்ற புளித்த நீரை ஊற்றி, இரண்டு மூன்று நாள் புளிக்க விடுவார்கள். மேலே தெளிந்து நிற்கும் நீரை வடித்துவிட்டு, மாவில் கொஞ்சம் எடுத்துக் கஞ்சியாகக் காய்ச்சி, ஆறியதும் அதே மாவில் கலப்பார்கள். அப்சித் எனப்படும் இந்தக் கஞ்சியைச் சேர்க்காமல் விட்டால் கண் சரியாக விழாது. அரை மீட்டருக்கு மேல் அகலமான மித்தாத் என்ற கல்லில் வெளி ஓரத்தில் தொடங்கி உள்நோக்கிச் சுற்றி ஊற்றி, கண் விழுந்த பிறகுதான் மூடி போடுவார்கள். அவசரப்பட்டு முதலிலேயே மூடினால் கண் அமுங்கிப்போகும். ஆப்பம் போலத்தான், திருப்பிப் போடுவதில்லை.

சாப்பிடும்போது வலது கை மட்டும். சுருட்டி வைத்திருக்கும் தனி இஞ்செராவிலிருந்து மூன்று விரல் அகலத்துக்குக் கிழித்து, கண் உள்ள பக்கம் குழம்பில் படும்படி கிள்ளி எடுங்கள். பெரிதாகக் கிழித்தால் குழம்பு பாதி இருக்கும்போதே வயிறு நிறைந்துவிடும். தட்டில் விரித்த இஞ்செராவைக் கடைசிக்கு வையுங்கள். எல்லாக் குழம்பும் ஊறிய அந்த அடிப்பாகம்தான் சாப்பாட்டிலேயே ருசியான பகுதி. இரண்டு பேருக்குப் பல குழம்பும் சேர்ந்த ஒரு கலவைத் தட்டு தாராளம்.

நேரம் கேட்கும்போது கவனம். எத்தியோப்பியாவில் பகல் கணக்கு காலை ஆறு மணியிலிருந்தும் இரவுக் கணக்கு மாலை ஆறு மணியிலிருந்தும் தொடங்கும். நம் மதியம் 1 மணி அவர்களுக்கு 7 மணி. கடைக்காரர் ‘3 மணிக்கு மூடுவோம்’ என்றால் பெரும்பாலும் இரவு 9 மணியைத்தான் சொல்கிறார்.

சைவம் சாப்பிடுவோருக்கு

மேலே எழுதியவர் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சைவர்கள் போக வேண்டிய நாள் புதனும் வெள்ளியும். எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் அந்த இரு நாளும் இறைச்சி, பால், நெய், முட்டை எதையும் தொடமாட்டார்கள். ஈஸ்டருக்கு முந்தைய 55 நாள் நோன்பிலும் அப்படியே. அப்போது பேட்டைக் கடைகளில் நோன்புத் தட்டு முழு வரிசையோடு, புதிதாகச் சமைத்துக் கிடைக்கும். ஈஸ்டர் முடிந்து 50 நாளைக்குப் புதன், வெள்ளி நோன்பு கிடையாது. அந்தச் சமயம் புதன்கிழமை என்று நம்பிப் போனால் சில கடைகளில் ஷிரோ என்ற கடலை மாவுக் குழம்பு மட்டும்தான் இருக்கும்.

கேட்க வேண்டியது ‘யெட்சோம் பெயாய்நெத்து’, அதாவது நோன்புக் கலவைத் தட்டு. பெர்பெரே என்ற மிளகாய் மசாலாப்பொடி போட்ட காரமான மிசிர் வொட், அதாவது மைசூர்ப் பருப்புக் குழம்பு, மஞ்சள் போட்டுக் காரமில்லாமல் செய்த கிக் அலிச்சா என்ற பட்டாணிப் பருப்பு, கோமென் என்ற கீரை, முட்டைக்கோஸும் உருளைக்கிழங்கும் கேரட்டும் சேர்ந்த பொரியல், பீட்ரூட், தக்காளி சாலட், நடுவே ஷிரோ. பெர்பெரேயில் மிளகாயோடு பூண்டு, இஞ்சி, வெந்தயம், ஓமம், கருஞ்சீரகம் எல்லாம் உண்டு. நம் நாக்குக்குப் புதிதாகத் தெரிவது கொறரிமா என்ற எத்தியோப்பிய ஏலக்காய்தான்.

வழுக்கும் இடம் ஷிரோ. கடலை மாவில் கிண்டுவதால் சைவம் என்று எல்லோரும் நம்பிவிடுகிறார்கள். நோன்பில்லாத நாளில் அதில் நிதெர் கிபே என்ற மசாலா நெய்யை ஊற்றுவார்கள். நெய் சேர்ப்பவருக்குப் பரவாயில்லை, பால் பொருளே தொடாதவர் கேட்டுக்கொள்ள வேண்டும். ‘பொஸெனா ஷிரோ’ என்று பட்டியலில் இருந்தால் அதில் இறைச்சித் துண்டு கிடக்கும். இன்னொன்று, மீனை நோன்பு உணவாகவே கருதும் கடைகளும் உண்டு. மீன் வேண்டாம் என்பதைத் தனியாகச் சொல்லிவிடுங்கள்.

அசைவம் பற்றி

டோரோ வொட் என்ற கோழிக் குழம்பு கேட்பதற்கு முன் அன்று சமைத்தார்களா என்று விசாரியுங்கள். அது கேட்டதும் செய்து தரும் பண்டம் இல்லை. பொடிப்பொடியாக நறுக்கிய வெங்காயத்தை எண்ணெயே இல்லாமல் அடிகனமான பாத்திரத்தில் போட்டு, அடிபிடிக்கும்போதெல்லாம் கொஞ்சம் தண்ணீர் தெளித்து, உருத்தெரியாமல் கரையும் வரை ஒரு மணி நேரத்துக்கு மேலும் கிளறுவார்கள். பிறகுதான் கொழுப்பு, பெர்பெரே, மறுபடி நீண்ட கிளறல். குழம்புக்குக் கெட்டித்தன்மை தருவது அந்த வெங்காயம்தான். வேறு மாவு எதுவும் சேர்ப்பதில்லை. அவசரக் கடையில் மூன்று குறை தெரியும்: வெங்காயம் பல்லில் படும், மிளகாய்ப்பொடி பச்சை வாடை அடிக்கும், எண்ணெய் தனியாகவும் நீர் தனியாகவும் நிற்கும். முட்டையையும் பாருங்கள். முறைப்படி செய்பவர் வேகவைத்த முட்டையில் கத்தியால் கீறல் போட்டுக் குழம்பில் ஊறவிடுவார். கீறலுக்குள் சிவப்பு இறங்கியிருக்கும்.

கித்ஃபோ என்பது கொத்திய பச்சை மாட்டிறைச்சியில் நிதெர் கிபேயும் மித்மிதா காரப்பொடியும் கலந்தது. லெப்லெப் என்று கேட்டால் லேசாகச் சூடு காட்டித் தருவார்கள், ‘யெபெஸ்ஸெலெ’ என்றால் வேகவைத்துத் தருவார்கள். பச்சை மாட்டிறைச்சியால் நாடாப்புழு வருவது அந்த நாட்டில் நெடுங்காலமாக உள்ள தொல்லை. லெப்லெப் சூட்டுக்கு அது சாகாது. பழக்கமில்லாதவர் வேகவைத்ததையே கேளுங்கள், ருசி குறையாது. கூட வரும் ஐப் என்ற பால்கட்டி காரத்தைத் தணிக்கும், அதை முதலிலேயே தின்று தீர்த்துவிடாதீர்கள். மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் திப்ஸ் என்ற இறைச்சி வறுவல் கேட்கும்போது ஆடா மாடா என்று கேட்டே ஆக வேண்டும். பன்றி இறைச்சி பற்றிக் கவலை வேண்டாம், அங்கே கிறிஸ்தவர்களும் அதைச் சாப்பிடுவதில்லை. ஹலால் வேண்டுவோர் முஸ்லிம்கள் நடத்தும் கடைக்குப் போங்கள். இரு தரப்பும் அவரவர் மதத்தார் அறுத்ததையே உண்பது அங்கே வழக்கம்.

வாஷிங்டன் பக்கத்திலிருந்து

இங்கே இஞ்செரா வெளிறிப் பஞ்சு மாதிரி இருப்பதாகப் பலர் குறைப்படுவதற்குக் காரணம் உண்டு. 2006இல் எத்தியோப்பியா டெஃப் தானிய ஏற்றுமதியைத் தடை செய்தது. இங்கே அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் விளையும் டெஃப் கிடைக்கிறது, ஆனால் விலை அதிகம். அதனால் பல கடைகளில் கோதுமை மாவோ பார்லி மாவோ கலக்கிறார்கள். டெஃப்பில், கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதம் இல்லை என்பதை மட்டும் நம்பி, அது ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோயாளிகள் சாப்பிட்டுவிடக் கூடாது. ‘முழுக்க டெஃப்தானா?’ என்று கேளுங்கள். அதோடு அதே கல்லில் கலப்பு மாவும் ஊற்றுகிறார்களா என்றும் கேளுங்கள். முழு டெஃப் இஞ்செராவுக்குப் பல கடைகள் முந்தைய நாளே சொல்லச் சொல்லும், கூடுதல் காசும் வாங்கும். கொடுக்கலாம், தகும்.

பார்சல் வாங்கினால் இஞ்செராவையும் குழம்பையும் தனித்தனியாகக் கட்டச் சொல்லுங்கள். குளிர்பெட்டியில் வைத்தால் இஞ்செரா வறண்டு விரிசல் விடும். இறுக்கி மூடி வெளியிலேயே வைத்து மறுநாளைக்குள் முடித்துவிடுவது நல்லது.

காபிக்கு

சாப்பாட்டைச் சொல்லும்போதே காபியையும் சொல்லிவிடுங்கள். பச்சைக் கொட்டையைக் கழுவி, வறுத்து, இடித்து, ஜெபெனா என்ற மண் கூஜாவில் கொதிக்கவைக்க நேரமாகும். வறுத்த சட்டியைப் புகையோடு உங்கள் பக்கம் கொண்டுவருவார்கள். புகையைக் கையால் முகத்துக்கு இழுத்து முகர்ந்து பார்ப்பதுதான் மரியாதை. அபோல், தோனா, பரக்கா என்று மூன்று சுற்று. ஒரே தூளில் தண்ணீர் சேர்த்துக் கொதிக்கவைப்பதால் ஒவ்வொரு சுற்றும் நீர்த்துக்கொண்டே போகும். கடுங்காபி ஒத்துக்கொள்ளாதவருக்கு மூன்றாவது சரியாக இருக்கும். முழுச் சுற்றுக்கும் உட்கார்ந்தால் ஒரு மணி நேரம் போல ஆகும். அவசரமென்றால் வாசலில் ஜெபெனாவோடு உட்கார்ந்திருக்கும் பெண்ணிடம் ஒரு ஸினி, அதாவது ஒரு சின்னக் கோப்பை மட்டும் வாங்கிக் குடித்துவிட்டுக் கிளம்பலாம்.

வீட்டில் ஜெபெனாவில் போடும்போது கோப்பையில் தூள் மண்டி வருகிறதா? கொதித்ததும் ஜெபெனாவைச் சாய்த்து வைத்துச் சில நிமிடம் மண்டி படிய விட வேண்டும். ஊற்றத் தொடங்கினால் இடையில் நிமிர்த்தாமல், வரிசையாக வைத்த ஸினிகள் மேல் ஒரே இழுப்பில் ஊற்றிக்கொண்டே போக வேண்டும். ஒவ்வொரு கோப்பைக்கும் நிமிர்த்தி நிமிர்த்தி ஊற்றினால் படிந்த தூள் கலங்கிவிடும்.