விண்டோஸ் எக்ஸ்பி கணினியை விண்டோஸ் 7 போலத் தோன்றச் செய்வது எப்படி?

கேள்வி:
என்னிடம் 512 எம்பி நினைவகம் கொண்ட பழைய கணினி ஒன்று, சர்வீஸ் பேக் 3 (மைக்ரோசாஃப்டின் மேம்பாட்டுத் தொகுப்பு) நிறுவப்பட்ட எக்ஸ்பியுடன் இன்னும் நன்றாகவே இயங்கி வருகிறது. அதனுடன் இணைத்திருக்கும் ஸ்கேனருக்கு எக்ஸ்பிக்குப் பிந்தைய இயங்குதளங்களில் டிரைவர் (அதை இயக்க உதவும் மென்பொருள்) கிடையாது. விண்டோஸ் 7 நிறுவுவதற்கும் குறைந்தது 1 ஜிபி நினைவகம் வேண்டும் என்பதால் அந்த வழியும் அடைபட்டுவிட்டது. வீட்டில் மற்றவர்கள் அனைவரும் 7-இன் தோற்றத்துக்குப் பழகியவர்கள். இயங்குதளத்தை மாற்றாமல், கண்ணாடி போன்ற சாளர விளிம்பு, பெரிய படவுருக்கள் கொண்ட டாஸ்க்பார், புதிய ஸ்டார்ட் மெனு ஆகியவற்றை எக்ஸ்பியில் கொண்டுவர இயலுமா? எல்லாவற்றையும் ஒரே நிறுவலில் மாற்றித் தரும் உருமாற்றத் தொகுப்புகள் பாதுகாப்பானவையா? இக்கணினி இணையத்தில் இணைக்கப்படுவதில்லை.

மறுமொழி 1:
தொகுப்பை நிறுவும் முன் அது உள்ளே என்ன செய்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். மைக்ரோசாஃப்டின் டிஜிட்டல் கையொப்பம் பெற்ற தீம்களை (தோற்ற வடிவமைப்புகளை) மட்டுமே எக்ஸ்பி ஏற்கும். அந்தச் சோதனையைச் செய்வது யுஎக்ஸ்தீம்.டிஎல்எல் என்னும் கோப்பு. தொகுப்புகள் முதலில் இக்கோப்பைத் திருத்துகின்றன. பிறகு படவுருக்களுக்காக ஷெல்32.டிஎல்எல், ஸ்டார்ட் பொத்தானுக்காக எக்ஸ்ப்ளோரர்.இஎக்ஸ்இ என்று ஒவ்வொன்றாகக் கை வைக்கின்றன. திருத்தப்பட்ட கோப்புகளை டிஎல்எல்கேஷ் கோப்புறையில் உள்ள அசல் பிரதிகளைக் கொண்டு விண்டோஸ் தானாகவே மீட்டுவிடும் என்பதால், அந்தக் காவலையும் அவை ஏமாற்ற வேண்டியிருக்கிறது.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், சர்வீஸ் பேக் 2-க்கும் 3-க்கும் யுஎக்ஸ்தீம் கோப்பின் பதிப்பு வேறு. பொருந்தாத பதிப்பு உள்ளே போனால் கணினி உள்நுழைவுத் திரையையே எட்டாமல் போகலாம். எனக்கு ஒருமுறை அப்படி நேர்ந்து, நிறுவல் வட்டிலிருந்து மீட்பு முனையத்தை (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் திரையை) திறந்து, அசல் கோப்பைத் தேடிப் பெயர்த்து வைப்பதில் ஒரு மாலைப் பொழுது முழுவதும் கழிந்தது. யுஎக்ஸ்ஸ்டைல் என்னும் கருவி வட்டிலுள்ள கோப்பைத் தொடாமல், இயக்கத்தில் இருக்கும்போது நினைவகத்தில் மட்டும் அந்தச் சோதனையைத் தளர்த்துகிறது. வெளியார் தீம் வேண்டுமென்றால் அதுவே என் தேர்வு.

மறுமொழி 2:
கண்ணாடி விளிம்பைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனெனில் பலரும் ஏமாறும் இடம் அதுதான். எக்ஸ்பியில் ஒவ்வொரு சாளரமும் தன் வெளித்தெரியும் பகுதியை நேரடியாகத் திரையிலேயே வரைகிறது. மேலே இருக்கும் சாளரம் நகர்ந்தால், கீழே இருப்பதிடம் 'மீண்டும் வரைந்துகொள்' என்று சொல்லப்படுகிறது. 2007-இல் வந்த விஸ்டாவிலிருந்துதான் ஒவ்வொரு சாளரமும் தனக்கென ஒதுக்கப்பட்ட நினைவகப் பரப்பில் வரைய, அவற்றையெல்லாம் கிராஃபிக்ஸ் அட்டையின் துணையுடன் ஒன்றுசேர்த்துத் திரையில் காட்டும் தனி நிரல் வந்தது. பின்னால் இருப்பதை மங்கலாக்கிக் காட்டும் ஏரோ என்னும் கண்ணாடி விளைவு அந்த அமைப்பின் மேல்தான் நிற்கிறது. எந்தத் தீமும் இந்த அடித்தளத்தை எக்ஸ்பிக்குக் கொண்டுவர முடியாது. ட்ரூடிரான்ஸ்பரன்சி போன்ற நிரல்கள் ஒளிபுகும் போலி விளிம்பு ஒன்றைச் சாளரத்தின் மேல் பொருத்துகின்றன; சாளரத்தை வேகமாக இழுத்தால் விளிம்பு பின்தங்கி வருவதைக் கண்ணாலேயே காணலாம். டாஸ்க்பாரில் தோன்றும் முன்தோற்றச் சிறுபடங்களும் அவ்வாறே: எக்ஸ்பியில் அவை முன்பே எடுத்து வைத்த நிழற்படங்கள், உயிரோட்டமான காட்சிகள் அல்ல.

512 எம்பியில் இத்தகைய நிரல்கள் நான்கைந்தைப் பின்னணியில் ஓடவிட்டால் ஸ்கேனர் மென்பொருளுக்கு என்ன மிஞ்சும் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

மறுமொழி 3:
கூடுதல் நிரல் எதுவும் இன்றியே சிலவற்றைச் செய்யலாம். டாஸ்க்பாரின் பூட்டை நீக்கி, குவிக் லாஞ்ச் என்னும், நிரல்களை ஒரே சொடுக்கில் திறக்கும் படவுருக்கள் உள்ள பகுதியில் வலது சொடுக்கு செய்து பெரிய படவுருக்களைத் தேர்ந்தெடுத்தால், 7-இன் டாஸ்க்பாருக்கு ஓரளவு அருகில் வந்துவிடும். எழுத்துகளின் விளிம்பை மென்மையாக்கும் கிளியர்டைப் வசதி எக்ஸ்பியில் உண்டு. இயல்பாக அணைத்து வைக்கப்பட்டிருக்கும், அவ்வளவே. திரை அமைப்புகளில் தோற்றம், அதன் கீழ் விளைவுகள் என்று சென்று அதை இயக்குங்கள். தீமுக்கு, 2006-இல் மைக்ரோசாஃப்டே வெளியிட்ட சூன் தீம் கையொப்பம் பெற்றது. கோப்புகளைத் திருத்தும் பேட்ச் எதுவும் தேவையில்லை. கறுப்பு டாஸ்க்பாரும் செம்மஞ்சள் ஸ்டார்ட் பொத்தானும் கொண்ட அது விண்டோஸ் 7 அன்று என்பது உண்மையே, ஆனால் எக்ஸ்பியின் நீலத்திலிருந்து விடுதலை தரும்.

கேள்வி கேட்டவர்:
அனைவருக்கும் நன்றி. உருமாற்றத் தொகுப்பைக் கைவிட்டுவிட்டேன். சூன் தீம், கிளியர்டைப், பெரிய படவுருக்கள் ஆகிய மூன்றையும் செய்து முடித்தேன். கண்ணாடி விளிம்பு ஆசையை மறுமொழி 2 தீர்த்துவைத்தது. ஸ்டார்ட் மெனுவுக்கு மட்டும் விஸ்டார்ட் என்னும் நிரலை நிறுவிச் சோதித்து வருகிறேன். ஸ்கேன் செய்யும்போது வேகம் குறைந்தால் அதையும் நீக்கிவிடுவேன். பொத்தானின் மேல் இன்னும் எழுதியிருக்கும் 'ஸ்டார்ட்' என்ற சொல் எக்ஸ்ப்ளோரர்.இஎக்ஸ்இ கோப்பிற்குள் இருப்பதாக அறிந்தேன்; அதற்காக அந்தக் கோப்பைத் திறக்கப் போவதில்லை.