மருந்து ஏற்றக் கை நரம்பில் போட்ட கேனுலா குழாய் நன்றாக இருந்தாலும் அதை மூன்றாம் நாள் பிடுங்கத்தான் வேண்டுமா? யாரிடம் போய்ச் சொல்வது?

இரவுப்பணி:
எங்கள் மெடிக்கல் வார்டில் 72 மணி நேரம் ஆனால் கேனுலாவைக் கழற்றிவிட வேண்டும். கையை யாரும் பார்ப்பதில்லை, தேதியைத்தான் பார்ப்போம். போன வாரம் ஒரு பாட்டிக்கு ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த லைனை அப்படித்தான் எடுத்தேன். சிவப்பு இல்லை, வீக்கம் இல்லை, தொட்டால் வலியும் இல்லை. புதிதாகப் போட நான்கு குத்து. மூன்றாவது குத்தில், "இருந்தது நல்லாத்தானே இருந்துச்சு, ஏம்மா பிடுங்கின?" என்று கேட்டார். "மூணு நாள் ஆச்சு பாட்டி" என்பதைத் தவிர என்னிடம் பதில் இல்லை.

டியூட்டி முடிந்து வந்தும் தூக்கம் வராமல் போனில் தேடினேன். 2012இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வு கிடைத்தது. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் மூன்று மருத்துவமனைகள், 3,283 நோயாளிகள். நாள் கணக்கில் மாற்றியவர்களுக்கும் சரி, தேவைப்பட்டபோது மட்டும் மாற்றியவர்களுக்கும் சரி, ஃப்ளெபிடிஸ், அதாவது கேனுலா போட்ட நரம்பில் வரும் அழற்சி, 7 சதவீதம்தான். பிரிண்ட் எடுத்துக்கொண்டு இன்சார்ஜ் சிஸ்டரிடம் போனேன். முதல் பக்கத்தை நின்றபடியே பார்த்துவிட்டு, "இதெல்லாம் எம்.எஸ்சி. படிக்கும்போது வச்சுக்கோம்மா. ஆறாவது பெட்டுக்கு இன்னும் சாம்பிள் போகலை" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். கோபமில்லை. அன்று 32 நோயாளிகளுக்கு நாங்கள் மூன்று பேர்.

ஆதாரத்தைப் பார்த்து வேலை செய் என்று எல்லா வகுப்பிலும் சொல்கிறார்கள். அதற்குக் கொஞ்சம் நேரம், ஜர்னலைத் திறக்க ஒரு கம்ப்யூட்டர், காது கொடுத்துக் கேட்க ஓர் ஆள்: இதில் ஏதாவது உங்கள் இடத்தில் கிடைக்கிறதா? எப்படி வாங்கினீர்கள்?

வார்டுஅக்கா:
அந்த இன்சார்ஜ் நான்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள் தங்கச்சி. நானும் இப்படித் தாளைத் திருப்பிக் கொடுத்தவள்தான். புரோட்டோகால் ஃபைலில் கையெழுத்து மேலே இருப்பவர்களுடையது. ஐந்தாம் நாள் கை வீங்கினால் விளக்கக் கடிதம் கேட்பது என்னிடம், லான்செட்டிடம் இல்லை. அதனால் விதியை மாற்றுங்கள் என்று போய் நிற்காதீர்கள். நம் வார்டில் நான்கு வாரம் குறித்துப் பார்க்கட்டுமா என்று மட்டும் கேளுங்கள்.

என்னை மாற்றியது ஒரு ஜூனியர் பெண். அறுவை சிகிச்சைக்கு முன் நடுராத்திரியிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் கூடாது என்பது எங்கள் வழக்கம். பொதுவாகப் பிரச்சினை இல்லாத நோயாளி இரண்டு மணி நேரம் முன்புவரை தண்ணீர் குடிக்கலாம் என்று அமெரிக்க மயக்கவியல் மருத்துவர் சங்கம் 1999லேயே சொல்லிவிட்டது. அவள் அதைப் பற்றி என்னிடம் வாதாடவே இல்லை. யார் கடைசியாக எத்தனை மணிக்குத் தண்ணீர் குடித்தார், எத்தனை மணிக்குத் தியேட்டருக்குள் போனார் என்று இரண்டு வாரம் பென்சிலில் எழுதிவைத்தாள், அவ்வளவுதான். ஒருவர் பெயருக்கு நேரே 17 மணி நேரம் என்று இருந்தது. அந்தத் தாளைப் பார்த்து மயக்க மருந்து டாக்டரே என்னைக் கூப்பிட்டுப் பேசினார். எங்கேயோ நடந்த ஆய்வு என்றால் தள்ளிவிட்டிருப்போம். இது எங்கள் நோயாளி, எங்கள் கையெழுத்து.

அப்புறம் ரோஸ்டரில் அவளுக்கு வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்கினேன். அந்த ஒரு மணி நேரம் அவளுடைய நோயாளிகளை நான் பார்த்தேன். அதற்கு மேல் என்னால் முடியவில்லை என்பதும் உண்மை.

சோப்புக்கை (தொற்றுக் கட்டுப்பாடு):
கொஞ்சம் பொறுங்கள் சிஸ்டர், நீங்கள் எடுத்த பிரிண்ட் பாதிக் கதைதான். ஜெனீவா பல்கலைக்கழக மருத்துவமனைகளிலும் 'தேவைப்பட்டால் மட்டும்' என்று மாறினார்கள். கேனுலா வழியாக வரும் ரத்தத் தொற்று கூடிப்போனது. அந்த ஆய்வு 2021இல் வெளியானது. நாள் கணக்கை விட்டால், கண்ணால் பார்ப்பது கூடியாக வேண்டும். உங்கள் வார்டில் ஷிஃப்டுக்கு ஒரு முறையாவது கேனுலா போட்ட இடத்தைப் பார்த்து எழுதுகிறார்களா? இல்லையென்றால் முதல் வேலை அதுதான்.

வி.ஐ.பி. ஸ்கோர் (Visual Infusion Phlebitis: கேனுலா போட்ட இடத்தைக் கண்ணால் பார்த்து அழற்சிக்குத் தரும் மதிப்பெண்) போடுங்கள். பெயரைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம், பெரிய மனிதர்களுக்கானது இல்லை. 0 முதல் 5 வரை, 2 வந்தால் கழற்றி வேறு இடத்தில் போட வேண்டும். கூடவே, மருந்தே போகாமல் சும்மா குத்திக்கொண்டிருக்கிற கேனுலா எத்தனை என்றும் எண்ணுங்கள். அதை டாக்டரிடம் கேட்டு எடுக்க எந்த இன்சார்ஜும் தடை சொல்ல மாட்டார். மாற்றத்தை அங்கிருந்து தொடங்கினால் சண்டை குறையும்.

மூணுஷிஃப்ட்:
ஆதாரத்தைப் பார்த்து வேலை செய்வதற்கென்றே எங்களிடம் கமிட்டி உண்டு, சுவரில் போஸ்டரும் உண்டு. கூட்டம் மதியம் 2 மணிக்கு. அப்போது காலை ஷிஃப்டும் மதிய ஷிஃப்டும் ஹேண்ட்ஓவரில், இரவு ஷிஃப்ட் தூக்கத்தில். போட்டோ எடுப்பவர் மட்டும் தவறாமல் வருகிறார்.

இரவுப்பணி:
அக்கா, ஒரு மணி நேரம் கேட்கிற தைரியம் இன்னும் வரவில்லை. ஆனால் நேற்று இரவு ஒரு தாளில் கோடு போட்டு ரவுண்ட் போய்விட்டேன். என் பக்கம் 11 கேனுலா. ஸ்கோர் 2 ஒன்றே ஒன்று. அது போட்டு முழுசாக ஒரு நாள்கூட ஆகவில்லை. நான்கு சும்மா இருந்தன. இரண்டில் டிரெஸ்ஸிங் மேல் தேதியே எழுதவில்லை. அதில் ஒன்று நான் போட்டது.