உபுண்டுவில் பழைய பாமினி கோப்புகள் ஆங்கில எழுத்தாகத் தெரிகின்றன. யுனிகோடுக்கு மாற்றுவது எப்படி?

முற்றம் (யாழ்ப்பாணம்):
எங்கட சனசமூக நிலையத்தின்ர கூட்டக் குறிப்புகள், அங்கத்தவர் பட்டியல் எல்லாம் பழைய வேர்ட், எக்செல் கோப்புகளில இருக்கு. விண்டோஸை எடுத்துப்போட்டு உபுண்டு 24.04 போட்டாச்சு. இப்ப லிபரே ஒபிஸில திறந்தால் தமிழே இல்லை, ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக் கிடக்கு. கோப்பு பழுதாப் போச்சோ? முழுதையும் இணைய மாற்றி ஒண்டில போட்டன். தமிழ் வந்துது, ஆனால் ஆங்கிலப் பெயர்கள் குழம்பிப் போச்சு, காற்புள்ளி இருந்த இடமெல்லாம் 'இ' வருது.

வேலியோரம்:
கோப்பு பழுதில்லை தம்பி. பாமினி ஆங்கில எழுத்துகளின் குறியீட்டு இடத்திலேயே தமிழ் வடிவங்களை வைத்த எழுத்துரு. யுனிகோடில் தமிழுக்கென்றே தனிக் குறியீட்டு இடங்கள் இருக்கு. திரையில் 'தமிழ்' என்று தெரிந்தது கோப்புக்குள் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி. எழுத்துரு இல்லாத கணினி உள்ளதை உள்ளபடி காட்டுது, அவ்வளவுதான்.

முதலில் எழுத்துருவைப் போடுங்கோ. பாமினி எழுத்துருக் கோப்பை இரட்டைச் சொடுக்கினால் இன்ஸ்டோல் பொத்தான் வரும். லிபரே ஒபிஸை மூடித் திறவுங்கோ. பிறகும் மாறாவிட்டால், குழம்பின வரியில் கேர்சரை வைத்து எழுத்துருப் பெட்டியைப் பாருங்கோ. பெயர் சாய்வெழுத்தில் இருந்தால் அந்தப் பெயரில் எழுத்துரு இல்லை என்று அர்த்தம். 'பாமினி' ஆங்கிலத்தில் ஒரு 'ஏ' உடனும் இரண்டு 'ஏ' உடனும் புழங்குது. ஒப்ஷன்ஸில் பொன்ட்ஸ் பகுதியிலுள்ள மாற்று அட்டவணையில் ஒன்றுக்கு மற்றதைக் கொடுத்தால் சரி. அச்செடுக்க மட்டும் என்றால் இதுவே போதும்.

தட்டச்சுக்காரி:
மாற்றும்போது 'இ' வாறதுக்குக் காரணம் இருக்கு. பாமினியில் காற்புள்ளி விசைதான் 'இ'. காற்புள்ளி வேணுமெண்டால் 'பெரிது' குறியை (>) அடிக்க வேணும். ரைப் பண்ணினவை பலர் காற்புள்ளிக்கு மட்டும் ஆங்கில எழுத்துருவுக்கு மாறியிருப்பினம். மாற்றும் கருவி எழுத்துருவைப் பார்க்காது, எழுத்தை மட்டும் பார்க்கும். அதாலை ஆவணம் முழுதையும் அள்ளிப் போடக்கூடாது.

ரைட்டரில் கொன்ட்ரோல்+எச். ரெகுலர் எக்ஸ்பிரஷன்ஸை ரிக் பண்ணி, தேடும் இடத்தில் ஒரு புள்ளியும் ஒரு கூட்டல் குறியும். போர்மட் பொத்தானில் பாமினியைத் தெரிவுசெய்து பைண்ட் ஓல். பாமினிப் பகுதி மட்டும் தெரிவாகும். அதுக்கு மஞ்சள் நிறம் அடிச்சுவிட்டு, மஞ்சளாக இருக்கிறதை மட்டும் பத்தி பத்தியாக மாற்றுங்கோ. ஒட்டும்போது கொன்ட்ரோல்+ஓல்ட்+ஷிப்ட்+வி, இல்லாவிட்டால் பழைய வடிவமைப்பும் கூட வரும். அங்கத்தவர் பட்டியல் லேசு: பெயர் நிரலை மட்டும் மாற்றினால் போதும்.

கோப்பு கனக்க என்றால் ஓப்பன்-தமிழ் என்ற பைத்தன் நூலகத்தில் பாமினியை யுனிகோடாக்கும் செயற்கூறு இருக்கு. 24.04 இல் பிப் (பைத்தன் நூலகங்களை நிறுவும் கருவி) நேரே நிறுவ விடாது, 'வெளியிலிருந்து நிர்வகிக்கப்படும் சூழல்' என்று மறிக்கும். மறிப்பை உடைக்காமல் வெர்ச்சுவல் என்விரான்மென்ட் (பைத்தனுக்கான தனி அடைப்பு) ஒன்று உருவாக்கி அதுக்குள் நிறுவுங்கோ.

முற்றம்:
நன்றி அக்கா. மஞ்சள் வழி வேலை செய்யுது. ஆனால் 'வெளிநாடு' எல்லாம் 'வௌிநாடு' எண்டு வருது. எழுத்தளவை 14 ஆக்கினாலும் சில இடத்தில தமிழ் மாறுதில்லை.

தட்டச்சுக்காரி:
பாமினியில் ஔகாரத்தின்ர பின்பகுதிக்கும் 'ள' வுக்கும் ஒரே விசை. கொம்பு, வ, ள என்று வந்தால் மாற்றும் கருவி 'வௌ' என்று எடுத்துக்கொள்ளும். 'வௌி' ஐ 'வெளி' ஆகவும் 'வௌ்' ஐ 'வெள்' ஆகவும் 'தௌி' ஐ 'தெளி' ஆகவும் தேடி மாற்றுங்கோ. தனி 'வௌ' வில் கைவைக்காதேங்கோ, வௌவால் கெட்டுப்போகும்.

வேலியோரம்:
அளவு பிரச்சினை: யுனிகோட் தமிழுக்கு லிபரே ஒபிஸ் தனியாக சிரிஎல் (தமிழ் போன்ற சிக்கலான எழுத்துகளுக்கான பகுதி) எழுத்துருவும் அளவும் வைத்திருக்கு. டிபோல்ட் பத்திப் பாணியைத் திருத்தி, அந்தப் பகுதியில் நோட்டோ சான்ஸ் தமிழும் 14 உம் கொடுங்கோ.

இனி ரைப் பண்ண ஐபஸ்-எம்17என் என்ற தட்டச்சு முறைகளுக்கான பொதியை நிறுவி, லொக் அவுட் ஆகி உள்ளே வாங்கோ. செற்றிங்ஸ், கீபோர்ட், இன்புட் சோர்சஸில் தமிழுக்குக் கீழே ரெங்கநாதன் என்ற விசைப்பலகை அமைப்பு இருக்கும். பாமினிக்குப் பழகின கைக்கு விசைகளின் இடம் அநேகமாக அதேதான். மொழி மாற சுப்பர்+ஸ்பேஸ்.