பொலிவியாவின் சமாய்பாட்டாவில் யாரைப் பார்த்தீர்கள்?

மேற்குக்காற்று:
ஊருக்கு மேலே மலையில், பழங்காலத்தில் செதுக்கிய எல் ஃபுவெர்த்தே பாறையைப் பற்றி இங்கே தெரியாதவர்கள் இல்லை, அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். மேலே பார்வை மேடையில் ஒரு ஐரோப்பியர் எங்கள் குழுவோடு ஒட்டிக்கொண்டார். ஊரிலேயே வீடு கட்டிக் குடியிருப்பவராம். உச்சியை நோக்கி ஓடும் அந்த இரட்டைக் கால்வாயைக் காட்டி, விண்கலம் கிளம்பிய ஓடுதளம் என்று ஆரம்பித்துவிட்டார். 220 மீட்டர் நீளப் பாறையை மனிதன் குடைந்திருக்க முடியுமா என்று ஒரு கேள்வி வேறு. எங்கள் வழிகாட்டி உள்ளூர்ப் பையன். கொஞ்சம் முன்னால்தான், இன்காக்கள் வருவதற்கு முன்பே சானே பழங்குடி மக்கள் இதைச் செதுக்கத் தொடங்கிவிட்டார்கள் என்று ஜாகுவார், பூமா உருவங்களைக் காட்டி அழகாகச் சொல்லியிருந்தான். இப்போது குனிந்து ஷூ நாடாவைக் கட்டுகிறான், அவிழ்க்கிறான், மறுபடி கட்டுகிறான். இறங்கும்போது, ஏன் தம்பி பதில் சொல்லவில்லை என்று கேட்டேன். "என் அக்கா அவர் வீட்டில்தான் சமைக்கிறாள்" என்றான். என் எரிச்சல் அந்த ஆள் மேலா, வேறு எதன் மேலா என்று இன்னும் பிடிபடவில்லை.

ரயிலடி:
இதில் அவர் மேல் என்ன தப்பு? உளறினார், அவ்வளவுதான். அந்த வீட்டில் சம்பளம் வருகிறதா இல்லையா? நான் பார்த்தது சந்தையில் ரொட்டி விற்கும் ஒரு ஜெர்மன் அம்மா. ரொட்டி கேட்டேன். பக்கத்துக் கடைக்காரம்மாவின் குன்யாபே (மரவள்ளி மாவும் சீஸும் சேர்த்துச் சுடுவார்களே, அது) சூடாக இருக்கிறது, முதலில் அதை வாங்கு என்று விரட்டிவிட்டார். குடியேறிகள் எல்லோரையும் ஒரே கணக்கில் எழுதாதீர்கள்.

போகிறவர்களுக்கு ஒன்று: சாந்தா குரூஸ் நகரத்திலிருந்து 120 கிலோமீட்டர்தானே என்று சாயங்காலம் ஷேர் டாக்ஸி பிடிக்காதீர்கள். ஆள் நிரம்பினால்தான் வண்டியை எடுப்பார்கள். டிசம்பர் முதல் மார்ச் வரை மழை, எங்காவது மண் சரிந்தால் ராத்திரி முழுக்க ரோட்டில்தான். உயரத்துக்கென்று மாத்திரை வேண்டாம். லா பாஸ் மாதிரி 3,600 மீட்டர் இல்லை, இது 1,600 சொச்சம். ஆனால் ஜூன், ஜூலையில் தெற்கிலிருந்து சுராசோ காற்று அடித்தால் பல் கிட்டிவிடும், ஸ்வெட்டர் கட்டாயம். பாறை மேல் ஏற விடமாட்டார்கள், மர நடைபாதைதான். பக்கத்து அம்போரோ தேசியப் பூங்காவின் ராட்சதப் பெரணிக் காட்டுக்கு வழிகாட்டி இல்லாமல் கிளம்பவே கிளம்பாதீர்கள்.

புளியமரத்தடி:
ஸ்வெட்டரைப் பற்றி யார் கேட்டது ரயிலடி? சரி, என் கதை. 1967 ஜூலை 6 அன்று சே குவேராவின் கெரில்லா ஆட்கள் இந்த ஊருக்குள் புகுந்ததும், அவருக்கு வேண்டிய ஆஸ்துமா மருந்து கிடைக்காமல் போனதும் தெரிந்ததுதான். பிளாசாவில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார், அப்போது சின்னப் பையனாம். சே படம் போட்ட பனியனோடு வந்த என் நண்பன், "அவரைப் பார்த்தீர்களா, பார்த்தீர்களா" என்று நச்சரித்தான். "அவர் ஊருக்குள்ளேயே வரவில்லை. அன்றைக்கு இங்கே ஒரு சிப்பாய்ப் பையன் செத்தான். அவனைப் பற்றி யாரும் கேட்பதில்லை" என்றார். நண்பன் அதற்குள் செல்ஃபிக்காகப் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்துவிட்டான். பெரியவர் எழுந்து எதிர்ப் பெஞ்சுக்குப் போய்விட்டார்.

மேற்குக்காற்று:
ரயிலடி, அந்தச் சம்பளம்தான் என் பிரச்சினையே. அது இல்லாவிட்டால் பையன் அங்கேயே வாயைத் திறந்திருப்பான்.

ரயிலடி:
திறந்திருப்பான், அக்காவுக்கு வேலை இருந்திருக்காது. அப்புறம், விண்கலக் கதை அவருடைய சொந்தச் சரக்கு இல்லை, ஒரு சுவிஸ் எழுத்தாளர் கிளப்பிவிட்டது. அதைக் கேட்கவென்றே வருகிற கூட்டமும் உண்டு, அவர்களையும் மேலே கூட்டிப்போவது இதே பையன்கள்தான்.