சார்ஜ் பாதியில் நிற்கிறது, 35 சதவீதத்தில் லேப்டாப் அணைகிறது: பேட்டரியை மாற்றிவிடலாமா?

கேள்வி

வணக்கம். நான்கு வருடப் பழைய லேப்டாப், விண்டோஸ் 11. கூடவே வந்த 65 வாட் அடாப்டரைத்தான் பயன்படுத்துகிறேன். வட்டப் பின், நடுவில் மெல்லிய ஊசி இருக்கும் வகை. இரண்டு வாரமாக இரண்டு தொல்லை.

அடாப்டர் செருகியிருக்கும்போதே "ப்ளக்டு இன், நாட் சார்ஜிங்" என்று வந்து சார்ஜ் நின்றுவிடுகிறது. ஒரு நாள் 59 சதவீதத்தில், மறுநாள் 72-இல். அந்த நேரத்தில் லேப்டாப்பும் ஊர்கிறது. அடுத்தது, பேட்டரியில் ஓடும்போது 35 சதவீதம் இருக்கையிலேயே எந்த எச்சரிக்கையும் இல்லாமல் பொசுக்கென்று அணைந்துவிடுகிறது.

மல்டிமீட்டரில் அடாப்டர் 19.6 வோல்ட் காட்டுகிறது, ஆக அடாப்டர் நன்றாக இருக்கிறது. பேட்டரி ரிப்போர்ட்டில் டிசைன் கெபாசிட்டி 42,000 மில்லிவாட் மணி, ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி 31,080, சைக்கிள் கவுண்ட் (முழுச் சார்ஜ் சுற்றுகளின் எண்ணிக்கை) 612. புது பேட்டரி வாங்கிவிடலாமா?

பதில் 1

அவசரப்பட்டு வாங்காதீர்கள். 19.6 வோல்ட் வருவதால் மட்டும் அடாப்டர் நல்லது என்று சொல்ல முடியாது. இந்த இடத்தில்தான் பலர் பேட்டரிக்குப் பணம் போட்டு ஏமாறுகிறார்கள்.

நடுவில் இருக்கும் அந்த ஊசி மின்சாரம் கொடுப்பதற்கானது அல்ல. அடாப்டர் தான் எத்தனை வாட் என்பதை லேப்டாப்புக்குச் சொல்வது அதன் வழியாகத்தான். அந்தத் தகவல் வராவிட்டால் லேப்டாப் 19.5 வோல்ட்டை வாங்கிக்கொண்டு ஓடும், ஆனால் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றாது. அடாப்டர் தாங்குமா என்று தெரியாததால் பிராசசரின் வேகத்தையும் குறைத்துவிடும். நீங்கள் சொல்லும் "ஊர்வது" அதுவாகத்தான் தெரிகிறது. செட்டிங்கில் சார்ஜ் வரம்பு வைத்திருந்தால் ஒவ்வொரு முறையும் ஒரே எண்ணில், 60 அல்லது 80-இல், நிற்கும். உங்களுக்கு எண் மாறுவதால் அது காரணமில்லை.

முதலில் பின்னை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஊசி நேராக நடுவில் நிற்கிறதா, ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறதா? வளையத்தின் உள்பக்கம் பழுப்பேறியிருந்தால் அங்கே தொடுப்பு சரியில்லாமல் சூடாகியிருக்கிறது.

பிறகு பயோஸுக்குள் (விண்டோஸ் தொடங்கும் முன் திறக்கும், லேப்டாப்பின் அடிப்படை செட்டிங் திரை) போய் அடாப்டர் வகை என்ற வரியைப் பாருங்கள். "65 வாட்" என்று இருக்க வேண்டும். "அன்நோன்" என்று வந்தால், அந்தத் திரையைத் திறந்து வைத்துக்கொண்டே பின்னுக்குப் பின்னால் இரண்டு விரற்கடை தூரத்தில் வயரை மெதுவாக வளைத்துப் பாருங்கள். தகவல் போகும் கம்பி மிக மெல்லியது, பெரும்பாலும் அந்தக் கழுத்தில்தான் அறுபடும். வயரை அசைக்கும்போது மாறினால் அடாப்டர். வயரை அசைக்காமல் பின்னை மட்டும் ஜாக்குக்குள் ஆட்டும்போது மாறினால் சந்தேகம் ஜாக்கின் மேல். எப்படி இருந்தாலும், அதே வாட், அதே வகைப் பின் உள்ள இன்னொரு அடாப்டரைப் போட்டுப் பார்க்காமல் முடிவுக்கு வராதீர்கள்.

பதில் 2

35 சதவீதத்தில் அணைவது தனிப் பிரச்சினை, அதை அடாப்டரோடு சேர்த்துக் குழப்பிக்க வேண்டாம். ரிப்போர்ட்டில் வரும் 31,080 என்பது பேட்டரிக்குள்ளே இருக்கும் அளவீட்டுச் சிப்பின் கணக்கு. புதிதில் இருந்த கொள்ளளவில் 74 சதவீதம் மிச்சம் என்று அது நினைக்கிறது, அவ்வளவுதான்.

ரெண்டு காரணம் இருக்கலாம். ஒண்ணு, கணக்கு தப்பி, உண்மையிலேயே சார்ஜ் தீர்ந்திருக்கும். இல்லைன்னா பேட்டரிக்குள்ளே இருக்கும் செல்லின் உள்மின்தடை ஏறியிருக்கும்: சார்ஜ் இருக்கும், ஆனா கனமான வேலை கொடுத்ததும் வோல்டேஜ் சட்டுன்னு சரியும். செல்கள் தொடரில் இருப்பதால் அதில் ஒண்ணு மட்டும் தளர்ந்து 3 வோல்ட்டுக்குக் கீழே போனாலும் பாதுகாப்பு சர்க்யூட் மொத்தத்தையும் துண்டிச்சிடும்.

பிரிச்சுப் பார்க்க வழி சுலபம். அடுத்த முறை அணைஞ்சதும் உடனே அடாப்டரைப் போட்டு ஆன் பண்ணி எத்தனை சதவீதம்னு பாருங்க. 0-க்குப் பக்கத்தில் காட்டினால் பெரும்பாலும் கணக்குத் தவறு. மறுபடியும் முப்பது சொச்சம் காட்டினால் செல் தளர்ச்சி.

கணக்குத் தவறுக்கு ஒரு தடவை கேலிப்ரேஷன், அதாவது சிப்பின் கணக்கைச் சரிசெய்வது, போதும். 100 வரை ஏற்றி, ரெண்டு மணி நேரம் அப்படியே செருகி வையுங்க. கழற்றி, லேசான வேலையில் தானாக ஹைபர்னேட் ஆகும்வரை (வேலையைச் சேமிச்சுட்டு அணையும்வரை) ஓட்டுங்க. சில மணி நேரம் ஓய்வு விட்டு, இடையில் நிறுத்தாமல் 100 வரை ஏற்றுங்க. இதை மாதாமாதம் செய்ய வேண்டாம். முழுசா வடிய விடுவது லித்தியம் செல்லுக்குக் கெடுதல்.

பதில் 3

கேலிப்ரேஷனுக்கு முன்னால் ஒன்றைக் கட்டாயம் பார்த்துவிடுங்கள். லேப்டாப்பை மூடிச் சமமான மேசையில் வைத்தால் ஆடுகிறதா? டச்பேட் மேலெழும்பி, அழுத்தினால் கிளிக் ஆகாமல் இறுகியிருக்கிறதா? அடிமூடி ஓரத்தில் இடைவெளி விட்டிருக்கிறதா? இதில் ஏதாவது ஒன்று இருந்தாலும் பேட்டரி உப்பியிருக்கிறது என்று கொள்ளுங்கள். அதற்குப் பிறகு சார்ஜும் வேண்டாம், கேலிப்ரேஷனும் வேண்டாம். உப்பியதை அழுத்துவது, குத்திக் காற்றை வெளியேற்றுவது இரண்டும் தீப்பிடிக்க வைக்கும். பசை போட்டு ஒட்டியிருந்தால் கத்தி, ஸ்க்ரூடிரைவர் எதையும் அடியில் செருகாதீர்கள்.

கேள்வி கேட்டவர்

எல்லோருக்கும் நன்றி. உப்பல் இல்லை, மேசையில் ஆடவில்லை. பயோஸில் "அன்நோன்" என்றே வந்தது. கழுத்தருகே வயரை வளைத்ததும் ஒரு நொடி "65 வாட்" என்று மாறியது. அதே வகை வேறொரு அடாப்டரில் 100 வரை தடையில்லாமல் ஏறியது. அணைந்த பிறகு பார்த்தால் 31 சதவீதம் காட்டுகிறது. டைப் சி போர்ட்டில் போன் சார்ஜரைப் போட்டேன், ஏறவில்லை. அதுவும் கெட்டுவிட்டதா?

பதில் 1

அடாப்டர் உறுதியாகிவிட்டது, மாற்றிவிடுங்கள். 45 வாட் மலிவாகக் கிடைக்கிறதே என்று எடுக்க வேண்டாம். வேலை செய்துகொண்டிருக்கும்போது சார்ஜ் ஏறாது, அல்லது நத்தை வேகத்தில் ஏறும்.

டைப் சி போர்ட் கெட்டது என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. பல லேப்டாப்புகளுக்கு 20 வோல்ட் வேண்டும். போன் சார்ஜர்கள் பலவும் 9 வோல்ட்டோடு நின்றுவிடும். சில போர்ட்டுகள் டேட்டாவுக்கு மட்டுமே, மேனுவலில் பார்த்துவிடுங்கள். சார்ஜ் ஏற்கும் போர்ட் என்றால் 65 வாட் பவர் டெலிவரி (டைப் சி வழியாக அதிக வாட் கொடுக்கும் முறை) சார்ஜரோடு 5 ஆம்பியர் கேபிளும் தேவை. சாதாரணக் கேபிள் 3 ஆம்பியர்தான், அதாவது 60 வாட்டுக்கு மேல் போகாது.

பதில் 2

31-னு காட்டுதுன்னா செல் தளர்ச்சிதான், கேலிப்ரேஷன் இதுக்கு உதவாது. பேட்டரியும் மாற்றணும். லேப்டாப் மாடல் பெயரை மட்டும் சொல்லி வாங்காதீங்க; ஒரே மாடலில் 11.4 வோல்ட், 7.6 வோல்ட் ரெண்டும் வந்திருக்கலாம். அடிமூடியைத் திறந்து பழைய பேட்டரி லேபிளில் இருக்கும் பார்ட் நம்பர், வோல்டேஜ், வாட் மணி மூணையும் படம் எடுத்துக்குங்க. புதுசின் தயாரிப்புத் தேதியையும் பாருங்க, ரெண்டு மூணு வருஷம் கிடங்கில் கிடந்தது வேண்டாம்.

மாற்றும்போது அடாப்டரைக் கழற்றி, முழுசா ஷட்டவுன் பண்ணி, பவர் பட்டனை 30 நொடி அழுத்திப் பிடிச்ச பிறகு திறங்க. உள்ளே முதல் வேலை பேட்டரி கனெக்டரைக் கழற்றுவது. வயரைப் பிடிச்சு இழுக்காம, பிளாஸ்டிக் நெம்பியால் ரெண்டு ஓரமும் மாத்தி மாத்தித் தள்ளுங்க. பழைய பேட்டரியின் கனெக்டர் முனையில் இன்சுலேஷன் டேப் ஒட்டி மின்கழிவு எடுப்பவர்களிடம் கொடுங்க, குப்பையில் போடாதீங்க.