இல்லத்தில் கொடுப்பது தூக்க மாத்திரையா?

பொன்னுசாமி (ஓய்வு பெற்ற ஆசிரியர், கோவை): மனச்சோர்வைக் கவனிக்க முதியோர் இல்லங்களுக்கு மாதம் ஒருமுறையாவது மனநல மருத்துவர் வர வேண்டும் என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். படித்ததும் எரிச்சல் வந்தது. வந்து என்ன செய்வார்? தூக்க மாத்திரை எழுதுவார். ஆயா கொடுப்பார். இல்லத்துக்கு வேலை மிச்சம். எங்கள் அண்ணன் பகல் பதினொரு மணிக்குத் தலை தொங்க உட்கார்ந்திருந்ததைக் கண்ணால் பார்த்தவன் நான். வயதானவர்களுக்கு வேண்டியது பேச ஆள்.

மாலதி (செவிலியர்): எழுதியது நான்தான் ஐயா. மனச்சோர்வுக்கு எழுதுவது பெரும்பாலும் எஸ்சிட்டலோபிராம், செர்ட்ராலின் வகை. அது தூக்க மாத்திரை இல்லை. பலன் தெரியவே நாலு, ஆறு வாரம் ஆகும். இடையில் ரத்தத்தில் சோடியம் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும், இறங்கினால் பெரியவர்கள் குழம்பிப் போவார்கள். அதற்குத்தான் டாக்டர் வரணும் என்றேன்.

நான் வேலை பார்த்த இடத்தில் ஒரு பாட்டி. தலைக்கு எண்ணெய் வைத்துச் சடை பின்னாமல் அறையை விட்டு வெளியே வர மாட்டார். திடீரென்று ஒரு மாதம் சீப்பையே தொடவில்லை. இட்லியைப் பிய்த்துத் தட்டில் பரப்பிவிட்டுக் கை கழுவிவிடுவார். வயசானா அப்படித்தான் என்றார்கள். மனச்சோர்வு இருக்கிறதா என்று பார்க்க, ஆமாம், இல்லை என்று பதில் சொல்கிற 15 கேள்விப் படிவம் ஒன்று இருக்கிறது. அதில் அவருக்கு 11 வந்தது, அதிகம்தான். தைராய்டும் பி12-உம் குறைந்தாலும் இப்படித்தான் இருக்கும் என்று டாக்டர் முதலில் அவற்றைப் பார்த்தார். அப்புறம்தான் மருந்து. ஏழாவது வாரம், "என் சீப்பு எங்கே?" என்று கேட்டார்.

பொன்னுசாமி: அந்தப் பாட்டி இருக்கட்டும். என் அண்ணன் தூங்கினாரே, அதற்குப் பதில்?

மாலதி: அட்டையில் என்ன பெயர்?

பொன்னுசாமி: குளோனசெபாம்.

மாலதி: அது பதற்றத்துக்கும் வலிப்புக்கும் கொடுப்பது. தூக்கம் வரும், நடை தடுமாறும், விழுந்தால் இடுப்பெலும்பு போய்விடும். மனச்சோர்வுக்கான மருந்தே இல்லை. எழுதிய டாக்டரிடம் ஏன் என்று கேளுங்கள். நீங்களாகச் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள், அதுவும் ஆபத்து.

பொன்னுசாமி: ஆக, தூக்க மாத்திரைதான்! முதல் வரியிலேயே நான் சொன்னது.

செந்தில் (துபாய்): ஐயா சொல்வது சரி. என் அம்மாவுக்கும் மாத்திரை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். தினமும் வீடியோ காலில் பேசுகிறேன். நன்றாகத்தான் சிரிக்கிறார்.

கவிதா (அன்னூர்): அண்ணா, போனில் எல்லா அம்மாவும் சிரிப்பார்கள். வைத்த பிறகு பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறீர்களா? என் மாமியார் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார்.

செந்தில்: மாமியாரை இல்லத்தில் விட்ட மருமகள் எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம்.

கவிதா: விட்டது அவர் பெற்ற மகன். வாரம் இரண்டு தரம் பஸ் ஏறிப் போய்ப் பார்ப்பது நான்.

பொன்னுசாமி: பெற்றோரைக் கவனிக்காத பிள்ளைகளிடம் ஜீவனாம்சம் வாங்கித் தர 2007-லேயே சட்டம் வந்துவிட்டது. மாதம் பத்தாயிரம் வரை.

மாலதி: அதே சட்டத்தில்தான் மாவட்டத்துக்கு ஓர் இல்லமாவது, ஆதரவற்ற 150 பேர் தங்குகிற மாதிரி வேண்டும் என்றும் இருக்கிறது ஐயா. பத்தாயிரம் வாங்கிக் கொடுத்தால் சீப்பை எடுத்துவிடுவார்களா? செந்தில், உங்கள் அம்மா சரியாகச் சாப்பிடுகிறாரா, எடை குறைந்திருக்கிறதா என்று இன்றைக்கே இல்லத்தில் கேளுங்கள். பேசத் தயக்கமாக இருந்தால் 14416, டெலிமானஸ் என்கிற அரசு மனநல உதவி எண் இருக்கிறது, 24 மணி நேரமும் தமிழில் பேசுவார்கள்.

செந்தில்: என் அம்மாவைப் பற்றி எனக்குத் தெரியும்.

மாலதி: கடைசியாக எத்தனை கிலோ இருந்தார்?

கவிதா: பதிலைக் காணோம்.

பொன்னுசாமி: பேச்சை மாற்றாதீர்கள் அம்மா. என் அண்ணனுக்குக் கொடுத்தது தூக்க மாத்திரையா, இல்லையா?